உங்க வீட்டுக்காரர் ஏன் விட்டாரு?

அத்தியாயம் 9

ராஜினாமா செய்தவன் அவன். ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு திரிகிறவள் அவள்.

போன வாரம் கணவன் லிஃப்ட் கம்பெனியில் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். காய்கறிக் கடைக்காரர் தக்காளியை நிறுத்துக்கொண்டே கேட்டார். பேருந்தில் தினமும் பக்கத்தில் உட்காருகிற, பெயர்கூடத் தெரியாத பெண்மணி கேட்டாள்.

“நல்ல வேலையாச்சே. உங்க வீட்டுக்காரர் ஏன் விட்டாரு?”

தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அவளும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழைக்கிற போன் அவள் மேஜையில்தான் அடிக்கும். பதறுகிறவர்களைப் பேசி அமைதிப்படுத்தி, விவரம் வாங்கி, பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறானோ அவனை அனுப்பி வைப்பாள். ஆபீஸில் அவளுக்கு ‘கண்ட்ரோல் மேடம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் அனுப்புகிற மெக்கானிக்குகளில் ஒருவனாகத்தான் கணவனும் இத்தனை வருஷம் இருந்தான். கல்யாணமான புதிதில் அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

“சொந்தமா ஏதாவது செய்யணும்னு தோணுச்சு” என்று மட்டும் அன்றைக்குச் சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சொந்தமாகச் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் என்றைக்காவது தோன்றுவதுதான். தோன்றியதையெல்லாம் செய்துவிடுகிறார்களா என்ன?

அந்தக் குழப்பத்தோடுதான் வியாழக்கிழமை விடிந்தது.

மாமனார் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் காலையில் மடிப்புக் கலையாத சட்டை போட்டால்தான் அவருக்குப் பொழுது புலரும். போட்டுக்கொண்டு எங்கே போகிறார் என்றால், எங்கேயும் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவார்.

“முதுகுதான்மா காரணம்” என்றார் திடீரென்று.

“என்ன மாமா?”

“அவன் வேலையை விட்டது. லிஃப்ட் குழிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சுன்னு சொன்னான். சொந்தமா செஞ்சா ஆள் வெச்சுக்கலாம், தான் மேற்பார்வை மட்டும் பார்த்தா போதும்னான்.”

“உங்ககிட்டயா சொன்னார்?”

“அன்னிக்கே சொன்னானே. உன்கிட்ட சொல்லலையா?”

முதுகு வலி என்று ஒரு நாள்கூட அவளிடம் சொன்னதில்லை. நேற்று மாலைதான் தண்ணீர் கேனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான், பாட்டு வேறு முணுமுணுத்தபடி.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். கணவனின் அக்கா. அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஒரு காலத்தில் டிராவல்ஸ் கம்பெனியில் டிக்கெட் போடும் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டுக் கடை போட்டதால், சொந்தத் தொழில் விஷயத்தில் குடும்பத்துக்கே தான்தான் நிபுணர் என்று நினைப்பு. தம்பி வேலையை விட்ட நாளிலிருந்து கடையைத் திறப்பதற்கு முன் ஒரு நடை இங்கே வந்துவிட்டுத்தான் போகிறாள்.

“முதுகாவது மண்ணாவது” என்றாள் உள்ளே நுழையும்போதே. அப்பா சொன்னது வாசல் வரை கேட்டிருக்கிறது. அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா காதுல விழக்கூடாது. தம்பி என்கிட்ட சொன்னது வேற. அப்பா ரிட்டயர் ஆனப்ப மாலை போட்டு, கை தட்டி அனுப்புனாங்க இல்ல? மறு மாசம் பழைய ஆளுங்களைப் பார்க்கப் போயிருக்கார். வாசல்ல இருந்த ஆள், யாரைப் பார்க்கணும், இங்க கையெழுத்துப் போடுங்கன்னு நிறுத்திட்டானாம். அப்பா திரும்பி வந்துட்டார். அதைக் கேட்டதுலேர்ந்து தம்பிக்கு மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சாம். நம்மளும் ஒரு நாள் இப்படி வெளியில நிக்கப் போறோம்னு. அதான் விட்டுட்டான்.”

“எப்ப சொன்னார் அண்ணி?”

“அதே அன்னிக்குத்தான். என் கடைக்கு வந்து உக்காந்துக்கிட்டுச் சொன்னான்.”

ஒரே நாளில் அப்பாவுக்கு ஒரு காரணம், அக்காவுக்கு ஒரு காரணம், பெண்டாட்டிக்கு மட்டும் அரைகுறை வாக்கியம். அவள் அடுப்பில் பொங்கிவந்த பாலை இறக்கி வைத்தாள். கை சுட்டது.

“நீங்க எதுக்கு அண்ணி வேலையை விட்டீங்க?” என்று கேட்டாள்.

“நானா? எனக்கு இஷ்டப்பட்ட நேரத்துல கடையைப் பூட்டிட்டு வரணும். யாரையும் கேக்கக்கூடாது. அவ்வளவுதான்.” அண்ணி ஒரு கணம் யோசித்தாள். “இன்னி வரைக்கும் ஒரு நாள் பூட்டுனதில்ல. அது வேற விஷயம்.”

பிறகு வந்த காரியத்துக்கு வந்தாள்.

“இங்க பாரு, சொந்தத் தொழில்னா போன் அடிச்சா எடுக்கணும். அவன் பாட்டுக்கு மேல மெஷின் ரூம்ல இருந்தா யார் எடுக்குறது? வெளி ஆளை வெச்சா சரியா வராது. போன் எடுக்குறதுல உன்னை மாதிரி ஆள் கிடைக்குமா? நீயும் அங்க எழுதிக் கொடுத்துட்டு வந்துடு. சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசி முடிச்சிடுவோம்.”

“யோசிக்கிறேன் அண்ணி.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? புருஷன் பொண்டாட்டி ஒரே தொழில்ல இருந்தா பலம்.”

இப்போதும் ஒரே தொழிலில்தானே இருந்தோம் என்று சொல்ல வாயெடுத்தவள், கணவன் குளித்துவிட்டு வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வெறும் நீலச் சட்டை போட்டிருந்தான். பாக்கெட்டின் மேல் கம்பெனி முத்திரை இல்லாததால் யாரோ விருந்தாளி வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

“இன்னிக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“ஆஸ்பத்திரி ரோட்டுல ஒரு பில்டிங்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க. பூங்கா எதிர்ல இருக்கிற நீல பில்டிங் நமக்கு வந்துடுச்சு. நேத்தே சொல்லணும்னு நினைச்சேன்.”

நீல பில்டிங் வந்துவிட்டது என்பது அவளுக்கு முன்பே தெரியும். கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்து, குடியிருப்பவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. நேற்றுக் காலை அவள் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டடம் சிவப்பாக மாறியிருந்தது. கணவனின் முதல் வாடிக்கை கம்பெனி இழந்த வாடிக்கை. இதற்குச் சந்தோஷப்படுவதா சங்கடப்படுவதா என்று அப்போதே குழம்பித்தான் போனாள்.

ஆபீஸில் பையைக் கீழே வைப்பதற்குள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளிய, அதிர்ந்து பேசாத மனிதர். கதவைச் சாத்தச் சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

“உங்க வீட்டுக்காரர் ஏன் விட்டார்?”

நீல பில்டிங் விஷயம்தான், வலை வீசுகிறார் என்று அவளுக்குப் பட்டது.

“உங்ககிட்ட என்ன சார் சொன்னார்?”

“சொந்தக் காரணம்னு மட்டும் எழுதிக் கொடுத்தார். நானும் துருவிக் கேக்கல.” மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். மறுபடி கழற்றினார். “வீட்டுல எப்படி இருக்கார்? தூங்குறாரா?”

“தூங்குறார் சார்.”

“நல்லாத் தூங்குறாரா?”

“குறட்டை விட்டுத் தூங்குறார்.”

“ஓ” என்றார். ஏமாற்றமா பொறாமையா என்று அந்த ‘ஓ’வில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. “முன்னாடியே ரொம்ப நாளா யோசிச்சாரா? இல்ல, ஒரு நாள் காலைல எழுந்தப்ப போதும்னு ஆயிடுச்சா?”

“எனக்குத் தெரியல சார்.”

“கூடவே இருக்கீங்க. தெரியலைங்கிறீங்க.”

அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அது சுருக்கென்று தைத்தது. வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டாள். மூன்றாவதாக ஒரு காரணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனாளோ என்னவோ, கிடைக்காமல் திரும்பியது அவளுக்கே வெறுமையாக இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவி வந்த நேரத்தில் போன் அடித்தது.

“ஹலோ, லிஃப்ட் நின்னுடுச்சுங்க. உள்ள நான் மட்டும்தான். விளக்கு எரியுது. எத்தனை நேரம் எரியும்? காத்து உள்ள வருமா? இது கீழ விழுந்துடாது இல்ல?”

ஒரு பெண் குரல். மூச்சு விடாமல் கேள்வியாக வந்தது.

“விழாதுங்க. காத்து நல்லாவே வரும். நான் லைன்லயே இருக்கேன். எந்த பில்டிங்?”

“பூங்கா எதிர்ல, நீல பில்டிங். நான் மேல டியூஷன் எடுக்க வந்தேன். ஸ்டிக்கர்ல இந்த நம்பர்தான் போட்டிருக்கு. எனக்குப் பயம் வந்தா கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பேன், தப்பா நினைச்சுக்காதீங்க. நாலு எரிஞ்சுது, அஞ்சு எரியல. அப்படின்னா நான் எங்க இருக்கேன்?”

கணவன் புது ஸ்டிக்கர் ஒட்டவில்லை. பழைய எண்ணே இருக்கிறது.

டியூஷன் டீச்சரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“அது இப்ப நம்மது இல்லையே” என்றார்.

“ஆமா சார்.”

“நம்மளோடதா இல்லாத லிஃப்ட்ல நம்ம ஆள் கை வைக்கக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி தலையில வரும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா போன் பண்ணுங்க. நான் எதையும் கேக்கல.”

தன் கைபேசியில் கணவனை அழைத்தாள்.

“நீல பில்டிங். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. ஒரு ஆள், லேடி. விளக்கு இருக்கு. கிளம்புங்க.”

“சரி மேடம்” என்றான் அவன். போன் கட்டாகிவிட்டது.

அந்த ‘மேடம்’ பழக்க தோஷம். அவளும் கவனிக்கவில்லை.

டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். என்ன பாடம் எடுக்கிறீர்கள், கணக்கா, அடேயப்பா. பிள்ளைகள் படிக்கிறார்களா? டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கைப்பைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டதாகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் போனுக்குள் இரும்புக் கதவு தட்டப்படும் ஓசை. அதன் பின்னால், தூரத்திலிருந்து வருவது போல, கணவனின் குரல்.

“அம்மா, நான் மெக்கானிக். வந்துட்டேன். கதவைத் தள்ளாதீங்க. பயப்படவே வேண்டாம்.”

“இப்ப திறந்துடுவீங்களா?”

“மேல மெஷின் ரூம் பூட்டியிருக்கு. வாட்ச்மேன் சாவி எடுக்கப் போயிருக்கார். சாவி வந்ததும் நான் மேல போய்க் கையால சுத்தி உங்களை அஞ்சாவது மாடிக்குக் கொண்டுவந்துடுவேன். அதுவரைக்கும் இங்கயே நிக்கிறேன்.”

அவள் வேலை முடிந்தது. இந்த இடத்தில் எப்போதும் போனை வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை. கணவன் லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று என்ன பேசுவான் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அனுப்பியதோடு சரி.

டீச்சருக்கு இன்னும் பயம் போகவில்லை. கேள்விகள் கிளம்பின. சாவி எவ்வளவு நேரத்தில் வரும்? நீங்கள் கம்பெனி ஆள்தானே, வாட்ச்மேன் தனி ஆள் என்று சொன்னாரே? கம்பெனியை விட்டுவிட்டீர்களா?

“விட்டுட்டேங்க. போன வாரம்.”

“அவ்ளோ பெரிய கம்பெனியை ஏன் விட்டீங்க?”

அவள் போனின் சத்தத்தைக் கூட்டினாள்.

“சும்மாதான்” என்றான்.

“சும்மா யாராவது விடுவாங்களா? பேசுங்க, நீங்க பேசலைன்னா எனக்கு படபடன்னு வருது.”

பிறகு ஆரம்பித்தான். முகம் தெரியாத ஆளிடம், அதுவும் நடுவில் ஒரு இரும்புக் கதவு இருக்கும்போது, மனிதர்களுக்கு வாய் சுலபமாகத் திறக்கும் போலிருக்கிறது.

“எங்க வீட்டம்மாவுக்கும் அங்கதாங்க வேலை. போன் எடுக்குற வேலை. எந்த லிஃப்ட் நின்னாலும் அவங்கதான் எனக்குச் சொல்லுவாங்க. இந்த பில்டிங், இத்தனாவது மாடி, உள்ள இத்தனை பேர், கிளம்புங்க. அவங்க மாதிரி தெளிவா சொல்ல ஆள் கிடையாது. நானும் சரி மேடம்னு கிளம்பிடுவேன். கொஞ்ச வருஷத்துல வீட்டுலயும் அதே மாதிரி ஆயிடுச்சுங்க. பால் இல்ல, கிளம்புங்க. அப்பாவுக்கு மாத்திரை தீந்துடுச்சு, கிளம்புங்க. சண்டைன்னு ஒண்ணு கிடையாது. சண்டை போடக்கூட நாலு வார்த்தை பேசணும் இல்ல?”

“அப்புறம்?”

“போன மாசம் அவங்களுக்குக் காய்ச்சல். படுத்துக் கிடந்தாங்க. தலை வலிக்குதான்னு கேக்கணும்னு பக்கத்துல போய் உக்காந்தேன். வாயைத் திறந்தா, எத்தனாவது மாடின்னு வருது.”

டீச்சர் சிரித்துவிட்டாள். “அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“உங்களை மாதிரிதான் சிரிச்சாங்க. விளையாட்டுக்குக் கேக்குறேன்னு நினைச்சிருப்பாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.”

அவளுக்கு நினைவிருந்தது. காய்ச்சலிலும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். மறுநாள் ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

“அதுக்காகவா வேலையை விட்டீங்க?”

“தெரியலீங்க. அதுக்காகவும் இருக்கலாம். கேக்குறவங்க கேக்குறப்ப ஏதோ ஒண்ணு சொல்றேன். சொல்றப்ப எல்லாமே நிஜம் மாதிரிதான் இருக்கு.”

அந்த நேரத்தில் வாட்ச்மேன் சாவியோடு வந்துவிட்டார். பிறகு டீச்சர் ஐயோ என்றதும், லிஃப்ட் அசைந்து அசைந்து ஏறியதும், கதவு திறந்ததும் வரிசையாகக் கேட்டன. வெளியே கால் வைத்த டீச்சருக்கு நன்றி பொங்கியது. போனை வாயருகே கொண்டுவந்தாள்.

“ரொம்ப நன்றி மேடம். உங்க ஆள் தங்கமான மனுஷன். இவ்வளவு நேரமும் லைன்லயே இருந்தீங்களே, அது எனக்கு எவ்ளோ தைரியமா இருந்துச்சு தெரியுமா?”

மேல் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த காலடி ஓசை சட்டென்று நின்றது.

“யாருங்க லைன்ல?” என்றான் கணவன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அன்றைய வேலை ஓடவில்லை. கடைத்தெருவில் ஒரு லிஃப்ட் நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள், மாடியைச் சொன்னாள், ‘கிளம்புங்க’ என்ற இடத்தில் நாக்கு மடங்கிக்கொண்டது.

“முடிஞ்சா கொஞ்சம் போயிட்டு வரீங்களா?” என்றாள்.

“மேடம், உடம்பு சரியில்லையா?” என்றான் அவன்.

கணவன் சொன்னதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். என் குரலைக் கேட்கப் பிடிக்காமல் ஓடினானா? இல்லை, பழைய குரலைத் தேடி ஓடினானா? முதலாவது என்றால் அழ வேண்டும். இரண்டாவது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. குறை சொன்னது மாதிரியும் இருந்தது, கொஞ்சியது மாதிரியும் இருந்தது. அதைவிட, வீட்டுக்குள் சொல்லாததைக் கணக்கு டீச்சரிடம் சொல்லியிருக்கிறானே என்று கோபம் கோபமாக வந்தது.

கிளம்பும் நேரம் மேனேஜர் வாசலில் காத்திருந்தார்.

“மதியம் வந்த போனைக் கேட்டேன்” என்றார்.

வருகிற எல்லா அழைப்பும் பதிவாகும். அதை எப்படி மறந்தாள்? சரி, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். ஆளுக்குப் போன் பண்ணச் சொன்னாரே தவிர, வேறொருவர் வாடிக்கைக்காகக் கம்பெனி போனில் உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை, அதுவும் கணவனுக்காக. சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

“முழுசாக் கேட்டீங்களா சார்?”

“ரெண்டு தடவை கேட்டேன்.” அவர் வாகனங்கள் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். “சொல்றப்ப எல்லாமே நிஜம் மாதிரி இருக்குன்னு சொன்னார் இல்ல? எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லம்மா. சொல்றதுக்கு ஒரு காரணம் கிடையாது. சம்பளம் நல்ல சம்பளம். மேல இருக்கறவங்க மரியாதையா நடத்துறாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா காலைல கார்ல ஏறி சாவியைப் போட்டா கை திருப்ப மாட்டேங்குது. அப்படியே உக்காந்திருக்கேன். ஜன்னல்லேர்ந்து வீட்டுல பார்க்குறாங்க, வண்டி ரிப்பேரான்னு கேக்குறாங்க.”

அவள் விழித்தாள். காலையில் கேட்ட கேள்விகள் எல்லாம் வேறு முகம் காட்டின. அவர் துப்பு விசாரிக்கவில்லை. வழி விசாரித்திருக்கிறார்.

“நானும் விட்டுடலாம்னு பார்க்குறேன். உங்க வீட்டுக்காரர் கூட்டுச் சேர்த்துக்குவாரா?”

“சார்...”

“நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. நானே பேசுறேன். அதுதான் முறை.”

வீடு வரும் வரை பேருந்து ஜன்னலில் தலை சாய்த்து யோசித்தபடி வந்தாள். யோசித்து ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முடிவுக்கு வந்தாள். அண்ணி சொல்வது நடக்காது. அந்தப் போன் மேஜை அவளுடையது. பயந்துபோய்க் கூப்பிடுகிற யாரோ ஒருவர் அவள் குரலைக் கேட்டு மூச்சு விடுகிறார்களே, அது அவள் கெட்டிக்காரத்தனம். அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து இவனை எதற்கு மேய்க்க வேண்டும்? கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குரலாம். நேராகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது.

கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாமனார் ஜன்னலோர நாற்காலியில். அண்ணி கடையை வாழ்க்கையில் முதல் தடவையாக முன்கூட்டியே பூட்டிவிட்டு வந்திருந்தாள், அதைச் சொல்லவும் செய்தாள். கணவன் தேநீர் போட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தான். அவளுக்குக் கொடுக்கும்போது கோப்பையை மட்டும் பார்த்தான்.

“சரி, பேசிடுவோம்” என்றாள் அண்ணி. “இவ வேலையை விட்டுட்டு வந்து உனக்குப் போன் எடுக்கட்டும். காலைல சொல்லிட்டேன், யோசிச்சிருப்பா.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

“வேண்டாம்க்கா. அவ வர வேண்டாம்.”

“ஏன்டா?”

“வேண்டாம்னா விடேன். அவ அங்கயே இருக்கட்டும்.”

அவள் சொல்ல வைத்திருந்த வார்த்தை அதுதான். அவன் வாயிலிருந்து வந்ததும் அது அவளுடையதாக இல்லாமல் போய்விட்டது. எனக்கு நல்லது நினைத்துச் சொல்கிறானா? இல்லை, தப்பித்த பிறகு மறுபடி மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறானா? முகத்தைப் பார்த்துப் படிக்கலாம் என்றால் முகத்தைக் காட்டினால்தானே?

“நான் வரேன்” என்றாள்.

அவள் குரல்தான். சொன்னது யார் என்றுதான் புரியவில்லை.

“நாளைக்கே எழுதிக் கொடுத்துட்டு வரேன்.”

அண்ணிக்கு வெற்றிச் சிரிப்பு. கணவன் தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். மாமனார் மட்டும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லா யோசிச்சியாம்மா? உனக்குப் பிடிச்ச வேலையாச்சே. ஏன் விடுற?”

ஒரு வாரமாகக் கணவனைப் பற்றிக் கேட்ட கேள்வி இப்போது அவள் பக்கம் திரும்பி நின்றது. பதில் சொல்லத்தான் பார்த்தாள். கணவனுக்குத் துணையாக இருக்கலாம் என்று தோன்றியது. அதுவும் பொய்யில்லை. அவன் முன்னால் உட்கார்ந்து என் குரலைக் கேள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதுவும் பொய்யில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் இன்னொன்று பாக்கி நிற்கும்.

“தோணுச்சு மாமா” என்றாள்.

கணவன் விருட்டென்று நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வந்தான். அவன் சட்டைப் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவனுக்கு முகம் மாறிவிட்டது.

“மேனேஜர்” என்றான். “இவர் எதுக்கு எனக்குப் பண்றார்? நீல பில்டிங்கை எடுத்துக்கிட்டேன்னு கேஸ் கீஸ்னு ஏதாவது...”

“எடுத்துப் பேசுடா” என்றாள் அண்ணி.

“என்னன்னு பேசுறது?”

அந்த வீட்டில் அதற்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சொல்லவும் முடியாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கிற போனை வேடிக்கை பார்க்க அவள் கைக்குத் தெரியாது. எட்டி வாங்கிக் காதில் வைத்தாள்.

“வணக்கம்” என்றாள்.

எப்போதும் அந்த வணக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே கம்பெனியின் பெயரும் வந்து விழுந்துவிடும். இப்போது திறந்த வாய் திறந்தபடி நின்றது. போனைக் கையால் மூடிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

“நம்ம கம்பெனிக்கு என்ன பேருங்க?”

அவன் அக்காவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கடைசியில், வேறு வழியில்லாமல், அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

“இன்னும் வைக்கல” என்றான்.

அவள் உள்ளங்கைக்குள் மேனேஜர், “ஹலோ, கேக்குதா, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.